பெட்டி பெருத்தபின் வரும் பழுதுகள்: மேடையில் மொடியூலர் வாசிப்பவர்களுக்கு

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் தொடங்கினால் கடற்கரையில் வாசிக்க ஆள் தேடுவார்கள். மிருதங்கம் ஒருவர், பாட்டு ஒருவர், நான் மொடியூலர் சிந்தசைசர், அதாவது தனித்தனி மொடியூல்களைக் கேபிளால் தொடுத்துச் சத்தம் எழுப்பும் மின்னணு வாத்தியம். எழுதிவைத்த பாட்டு எதுவும் கிடையாது. அந்தப் பின்னேரம் என்ன வருகிறதோ அதுதான் கச்சேரி. அப்படி வாசிக்க வாசிக்கப் பெட்டி போதாது என்று தோன்றும். எனது யூரோரேக் (மொடியூல்களுக்கான ஒரு பொது அளவுமுறை) பெட்டி 84 எச்.பி (அந்த முறையின் அகல அலகு) அகலமான ஒரே வரிசையில் தொடங்கி இப்போது மூன்று வரிசையாகிவிட்டது. பெருப்பித்த ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பழுது வந்தது. திருகோணமலையிலேயே இன்னும் இரண்டு பேரின் பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். அங்கேயும் இதே பழுதுகள்தான்.

அதனால் அறிகுறிப்படி எழுதுகிறேன். உங்கள் பெட்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். எந்த அறிகுறியானாலும் முதலில் கேபிள், பிறகு கரண்ட், அப்புறம் பொத்தான்களும் அமைப்பும், கடைசியில்தான் மொடியூல். கேபிளை மாற்றிப் பார்க்கப் பத்து விநாடி போதும். மொடியூலைக் கழற்றத் தொடங்கினால் இரவு முழுக்கப் போய்விடும்.

பக்கத்தில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீற்றர், நல்லதென்று நிச்சயமாகத் தெரிந்த இரண்டு பேட்ச் கேபிள் (மொடியூல்களை முன்பக்கத்தில் தொடுப்பது), ஹெட்போன், டோர்ச். எதைக் கழற்றுவதற்கு முன்னும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

## புதிய மொடியூல் போட்டபின் பெட்டி எழும்பவில்லை

உடனே சுவிட்சை அணையுங்கள். இன்னொரு தரம் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வயரையும் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத்தைத் திறக்க வேண்டும்.

மொடியூலுக்குக் கரண்ட் கொண்டுபோகும் தட்டையான ரிபன் கேபிள் திரும்பியிருக்கிறதா? சிவப்புக் கோடு உள்ள ஓரம் -12 வோல்ட். கரண்டைப் பங்கிடும் பஸ் போர்டிலும் மொடியூலிலும் அந்த ஓரம் -12 என்று எழுதிய பக்கத்தில் இருக்க வேண்டும். சில மொடியூல்களில் -12 என்று எழுதாமல் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் போட்டிருப்பார்கள். கேபிள் செய்தவரே சிவப்புக் கோட்டைத் தவறான பக்கம் வைத்து அடித்துவிட்டதையும் ஒருமுறை கண்டேன். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், இரண்டு முனையையும் மல்டிமீற்றரில் தொடர்ச்சி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊசி தள்ளிச் செருகப்பட்டிருக்கிறதா? சுற்றுவேலி இல்லாத ஊசித்தலைகளில் 10 ஊசிக் கேபிளை ஒரு வரிசை தள்ளிச் செருகிவிடுவது மிகச் சுலபம். டோர்ச் அடித்துப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள்.

இரண்டும் சரியென்றால் புதியதைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மட்டும் போடுங்கள். எழும்பினால் கேள்வி பெரும்பாலும் கரண்ட் பற்றியது, அதை அடுத்த தலைப்பில் பாருங்கள். எழும்பாவிட்டால் எல்லா மொடியூலையும் கழற்றிவிட்டுப் பஸ் போர்டில் அளவெடுங்கள். வெறும் பஸ் போர்டிலும் +12, -12 இரண்டும் வரவில்லை என்றால் முதலில் அடப்டர், அடுத்து பியூஸ். இரண்டும் நல்லதாக இருந்தும் வோல்ட் வரவில்லை என்றால் அதோடு நிறுத்துங்கள். மின்வழங்கி பழுது.

எரிந்த மணம் வந்த மொடியூலை மறுபடி ஒருநாளும் செருகவேண்டாம். அதைத் திருத்துகிற ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

## எழும்புகிறது, ஆனால் விழுந்து விழுந்து எழும்புகிறது

திரைகள் மின்னி அணைகின்றன, டிஜிட்டல் மொடியூல் ஒன்று நடுவில் தானாக அணைந்து மறுபடி தொடங்குகிறது, அல்லது ஐந்தாறு தரம் சுவிட்ச் போட்டால்தான் எழும்புகிறது. பெட்டியைப் பெருப்பித்தவர்களுக்கு அதிகம் வருவது இதுதான்.

கடதாசியில் கூட்டுங்கள். ஒவ்வொரு மொடியூலுக்கும் +12, -12, +5 மூன்றிலும் எத்தனை மில்லி அம்பியர் என்று தயாரித்தவர் எழுதியிருப்பார். மூன்றையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். ஒன்றில் மிச்சம் இருப்பது மற்றதற்கு உதவாது. டிஜிட்டல் மொடியூல்கள் +12ஐத்தான் அதிகம் தின்னும், அங்கேதான் முதலில் முட்டும். மின்வழங்கி 1200 மில்லி அம்பியர் தரும் என்றால் நான் 900க்கு மேல் ஏற்றமாட்டேன். சுவிட்ச் போடும் கணத்தில் எல்லா மொடியூலும் ஒரேயடியாக அதிகம் இழுக்கும். கூட்டுத்தொகை 1150 என்றால் கடதாசியில் சரி, மேடையில் விழும்.

கூட்டுத்தொகை சரியாக இருந்தால் பெட்டி ஓடும்போதே பஸ் போர்டின் இரண்டு முனையிலும் அளவெடுங்கள். மல்டிமீற்றரின் முனை இரண்டு ஊசியை ஒன்றாகத் தொட்டுவிடாமல் கவனம். 11.75க்கும் 12.25க்கும் இடையில் நின்றால் நல்லது. மின்வழங்கி பக்கம் 12, தூர முனையில் 11.5 என்றால் பஸ் கேபிள் மெலிது, அல்லது ஒரே வழியில் அதிக மொடியூல் தொங்குகிறது. பசியுள்ள மொடியூலை மின்வழங்கிக்குக் கிட்ட மாற்றிப் பாருங்கள். செலவில்லாமல் தீரும்.

தீரவில்லையா? அப்போதுதான் பெரிய மின்வழங்கி. என் அபிப்பிராயம், இரண்டாவது வரிசை வாங்கும்போதே இதையும் வாங்கிவிடுவது. மூன்றாவது ஒசிலேட்டருக்கு (சுரம் எழுப்பும் மொடியூல்) செலவழிக்கும் காசை இங்கே போட்டால் சீசன் முழுக்க நிம்மதியாக வாசிக்கலாம்.

## ஸ்பீக்கரில் ஊம் என்று இரைகிறது

முதலில் பெட்டியில் இருந்து போகும் கேபிளை மிக்சர் பக்கம் கழற்றுங்கள். இரைச்சல் நின்றதா?

நிற்கவில்லை: அது உங்களுடையது அல்ல. ஒலிபெருக்கிக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். கடற்கரை விடுதிகளில் அலங்கார விளக்குகளும் ஸ்பீக்கரும் ஒரே நீட்டிப்பு வயரில் தொங்கும். பிரித்தாலே பாதி போய்விடும்.

நின்றது, தாழ்ந்த ஊம் சத்தம்தான்: எர்த் வளையம், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு தொடுபட்டிருப்பது. நம் ஊர்க் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், ஆகவே இரைச்சல் 50இலும் 100இலும் இருக்கும். மடிக்கணினி யு.எஸ்.பியில் தொடுத்திருந்தால் அதன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். கணினி இல்லையென்றால் உங்கள் பெட்டியும் மிக்சரும் ஒரே பிளக் பலகையில் இருந்து கரண்ட் எடுக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் உள்ளே டிரான்ஸ்போமர் உள்ள டி.ஐ. பெட்டி (கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே வைக்கும் இணைப்புப் பெட்டி) போட்டு எர்த் லிப்ட் சுவிட்சைத் தட்டுங்கள், அது சத்தக் கேபிளின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும். ஒரு நல்ல டி.ஐ. பெட்டி என் பையில் எப்போதும் கிடக்கும்.

பிளக்கின் எர்த் ஊசியை வெட்டுவதோ, மூன்று ஊசியை இரண்டு ஊசி அடப்டரில் போட்டு எர்த்தை விடுவதோ கூடவே கூடாது. நனைந்த மணலில் வெறுங்காலோடு நின்று வாசிக்கிறோம். இரைச்சலோடு வாசிக்கலாம், எர்த் இல்லாமல் வாசிக்கக்கூடாது.

நின்றது, ஆனால் அது மெல்லிய கீச்சுச் சத்தம், விளக்குகள் மின்னும்போது மாறுகிறது: பெட்டிக்குள்ளேயே ஒரு டிஜிட்டல் மொடியூல் பஸ் வழியாகக் கசிகிறது. அதைப் பெட்டியின் மறுமுனைக்கு, வேறு பஸ் கேபிளுக்கு மாற்றுங்கள். கடைசி மிக்சரும் பில்ட்டரும் அதோடு ஒரே வழியில் இருக்கக்கூடாது.

ஜெனரேட்டரில் மட்டும் வருகிறது: ஜெனரேட்டர் திணறும்போது வோல்ட் ஏறி இறங்கும். ஜெனரேட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு யு.பி.எஸ் வையுங்கள். பிளக்கில் வோல்ட்டைப் பார்க்கத் தெரிந்த மின்வேலைக்காரர் இருந்தால் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே நீங்கள் கைவைக்க வேண்டாம்.

## சத்தம் உடைகிறது, சிதறுகிறது

இது பழுதே இல்லை. யூரோரேக் சத்தம் உச்சிக்கு உச்சி ஏறத்தாழ 10 வோல்ட். மேடை மிக்சர் எதிர்பார்க்கும் லைன் அளவு அதைவிட 9 டெசிபெல் போலக் குறைவு. வெளியீட்டு மொடியூல் ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் கடைசி வி.சி.ஏயை (வோல்ட்டால் சத்தத்தின் அளவை மாற்றும் மொடியூல்) குறைத்துவிட்டு மிக்சரின் லைன் துளையில் செருகுங்கள். மைக்குக்குக் கரண்ட் அனுப்பும் 48 வோல்ட் பேன்டம் சுவிட்ச் மைக் துளையில் திறந்துகிடக்கும் மிக்சர்களைக் கண்டிருக்கிறேன். செருகும் முன் கேட்டுவிடுங்கள்.

## சுருதி நிற்கவில்லை

இதில்தான் எனக்கு அதிக நாள் போனது. பாடுகிறவர் பக்கத்தில் இருக்கும்போது சுருதி விலகினால் ஒளிக்க இடமில்லை.

முதல் அரைமணி மட்டும் மெதுவாக நகர்கிறது: அனலொக் ஒசிலேட்டர் சூடாகிக்கொண்டிருக்கிறது. வாசிக்கும் இடத்திலேயே, 30 நிமிடம் முன்னதாகப் போட்டுவிடுங்கள். ஜூன், ஜூலையில் கச்சான் (சூடான தென்மேற்குக் காற்று) அடிக்கும் பின்னேரத்தில் பெட்டி கொதிக்கும். பொழுது சாய்ந்து கடற்காற்று திரும்பியதும் மறுபடி நகரும். மின்விசிறி நேரே பெட்டியில் அடிக்காமல் பாருங்கள், இடைவேளையில் ஒருமுறை சரிபாருங்கள். இதற்கு ஆளிடம் கொடுக்கத் தேவையில்லை.

கீழ் ஸ்தாயியில் சரி, மேலே போகப்போகத் தாழ்கிறது, அதுவும் இரண்டாவது ஒசிலேட்டர் தொடுத்த பிறகுதான்: நீங்கள் சுருதி வோல்ட்டைப் பாசிவ் மல்ட்டில் (ஒரு வோல்ட்டைக் கரண்ட் இல்லாமலே பல வழியாகப் பிரிப்பது) பிரித்திருக்கிறீர்கள். ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்ற கணக்கில் ஒரு அரைச்சுரம் 83 மில்லிவோல்ட்தான். அனுப்பும் மொடியூலின் வெளியீட்டில் 1 கிலோஓமும் வாங்கும் உள்ளீட்டில் 100 கிலோஓமும் இருந்தால், கூடத் தொடுக்கும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 சதவீதத்தைக் குடிக்கும். அது ஒரு ஸ்தாயிக்கு 12 சென்ட் (100 சென்ட் ஒரு அரைச்சுரம்). மூன்று ஸ்தாயி மேலே போனால் அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு தாழ்ந்திருக்கும். பவர்ட் மல்ட், அதாவது வோல்ட்டைக் குறையவிடாத பபர் உள்ள மல்ட் ஒன்று போட்டால் தீர்ந்தது. கேற்றுக்கும் (தொடங்கு, நிறுத்து என்று சொல்லும் துடிப்பு) எல்.எப்.ஓவுக்கும் (மெதுவாக ஏறி இறங்கும் வோல்ட்) பாசிவ் மல்ட்டே போதும், காசைச் சேமியுங்கள்.

ஒற்றை ஒசிலேட்டரை நேரே தொடுத்தாலும் மேலே விலகுகிறது: வோல்ட்/ஸ்தாயி ட்ரிம் திருகாணியைச் சரிசெய்ய வேண்டும். சூடான பிறகு, கைப்பேசி டியூனர் வைத்து, கீழ் சுரமும் மூன்று ஸ்தாயி மேல் சுரமும் மாறி மாறிப் பார்த்துக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள். மறுநாளும் அதேயளவு விலகினால் ஆளிடம் கொடுங்கள்.

டியூனர் சரி என்கிறது, காது இல்லை என்கிறது: காதுதான் சரி. வோல்ட்டைச் சுரத்தட்டுகளில் நிறுத்தும் குவாண்டைசர் தரும் பஞ்சமம் 700 சென்ட், தம்புரா போல நிற்கும் பஞ்சமம் 702. ஒரு கட்டை ஸட்ஜமம் 130.8 ஹேர்ட்ஸில் நின்றால், அந்த 2 சென்ட் வித்தியாசம் இரண்டேகால் விநாடிக்கு ஒருமுறை அலையாகக் கேட்கும். சுருதிக்கு நிற்கும் ஒசிலேட்டர்களைக் குவாண்டைசரில் இருந்து கழற்றிவிட்டு, அலை நிற்கும்வரை கையால் சேருங்கள்.

பாடுகிறவரின் கட்டைக்குப் போனதும் சுரங்கள் தப்புகின்றன: ஐந்து கட்டை என்றால் குவாண்டைசருக்கு முன்னால் வோல்ட் கூட்டாதீர்கள், அது சுரங்களை வேறு தட்டுகளில் விழுத்தும். குவாண்டைசருக்குப் பின்னால், நுணுக்கமாகக் கூட்டும் மொடியூலில் 0.583 வோல்ட் கூட்டுங்கள். ஏழு அரைச்சுரத்துக்கு அதுதான் கணக்கு. கமகம் வேண்டிய இடத்தில் அதற்கும் பின்னால் ஒரு ஸ்லூ (வோல்ட்டை வழுக்கி மாற்றும் மொடியூல்) போட்டுக் கையால் திருப்பினால் ஓரளவு கிட்டப் போகலாம்.

## கரகரப்பு, விட்டுவிட்டு வருகிறது

கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கட்டாயம் வரும் பழுது. உட்துறைமுகப் பக்கத்தில் இருந்தாலும் சரி, நிலாவெளி மணலில் வாசித்தாலும் சரி, உப்புக்காற்று ஜாக்குகளின் உள்ளே பச்சைப் பூப்பை உண்டாக்கும். மாரி மழைக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் இன்னும் மோசம்.

கேபிளை மாற்றுங்கள். போனால் கேபிளில் துணியால் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தேய்த்துப் பாருங்கள், தேறாவிட்டால் வெட்டி எறியுங்கள். பழுதான கேபிளைப் பையில் திரும்பப் போட்டால் அடுத்த கச்சேரியில் அதுவே கைக்கு வரும்.

போகவில்லையா? ஜாக்கில் பிளக்கைச் செருகி மெதுவாகச் சுழற்றுங்கள். சுழற்றும்போது வந்து போனால் ஜாக் அழுக்கு. மின் தொடுகைக்கென்றே விற்கும் கொன்டாக்ட் கிளீனரைப் பிளக்கில் சிறிது தெளித்து இருபது தரம் செருகி எடுங்கள். ஜாக்குக்குள் நேரே பீய்ச்ச வேண்டாம். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே அறவே வேண்டாம், அது படிந்து அடுத்த மாதம் மண்ணையும் பிடிக்கும்.

பிளக்கை மேலும் கீழும் ஆட்டும்போது மட்டும் வந்து போனால் ஈயம் விட்டிருக்கிறது. கையில் ஈயம் வைக்கத் தெரிந்தால் செய்யுங்கள். தெரியாவிட்டால் டவுனில் அம்ப்ளிபயர் திருத்துகிற எவரும் ஐந்து நிமிடத்தில் வைத்துத் தருவார். ஜாக், குமிழ், பியூஸ், மின்வழங்கி என்றால் அவர்களிடம் தாராளமாகக் கொடுக்கலாம். அரிசிமணியைவிடச் சிறிய உறுப்புகள் ஒட்டிய டிஜிட்டல் பலகையை மட்டும் கொடுக்காதீர்கள். அது தயாரித்தவரிடமே திரும்பிப் போகட்டும்.

வராமல் தடுக்க: மூடி உள்ள பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பை, வெறும் இடங்களுக்கு மூடுதகடு. மாரியில் வாரம் ஒருமுறை ஒரு மணித்தியாலம் போட்டு ஓடவிடுங்கள், சூட்டில் ஈரம் போகும்.

## தாளம் ஓடிவிடுகிறது

ஆறு மடங்கு வேகமாக ஓடினால், மிடி (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் டிஜிட்டல் முறை) ஒரு தாள எண்ணிக்கைக்குத் தரும் 24 துடிப்பை 4 துடிப்பு எதிர்பார்க்கும் சீக்குவன்சருக்கு (சுரங்களைப் படிப்படியாக ஓட்டும் மொடியூல்) கொடுத்திருக்கிறீர்கள். நடுவே ஆறால் வகுக்கும் கிளொக் டிவைடர் வையுங்கள். பாதி வேகம் என்றால் எதிரே இருப்பது கோர்க் சின்த் போல 2 துடிப்பு தருவது. அசையவே இல்லையென்றால் துடிப்பின் வோல்ட் போதவில்லை. அல்லது 3.5 மில்லிமீற்றர் மிடி அடப்டர் ஏ வகைக்குப் பதில் பி வகை. மாற்றிப் பாருங்கள்.

மிருதங்கத்தோடு வாசிக்கையில் ஓடினால் அது வேறு. மனிதக் கை இசையோடு மூச்சுவிடும், கடிகாரம் விடாது. அவரை இயந்திரத்துக்குப் பின்னால் ஓடவைக்காமல், மிருதங்கத்தின் கட்டையில், தொப்பி என்ற கனத்த நாதப் பக்கமாக, அதிர்வைப் பிடிக்கும் ஒரு கொன்டாக்ட் மைக் ஒட்டுங்கள். தோலில் ஒட்டக்கூடாது. அதை ப்ரீஆம்ப், அடியின் பலத்தை வோல்ட்டாக்கும் என்வலப் பொலோவர், எல்லையைத் தாண்டினால் துடிப்பு தரும் கொம்பரேட்டர் வழியாக அனுப்பி, தொப்பியின் கனத்த அடிக்கு மட்டும் துடிப்பு எழும்படி எல்லையை வையுங்கள். சீக்குவன்சர் அவர் அடிக்கு ஒரு படி நகரும். அவர் நிறுத்தினால் அதுவும் நிற்கும். ஒரு அடிக்கு இரண்டு துடிப்பு வந்தால் என்வலப் இறங்கும் நேரத்தைக் கூட்டுங்கள். என் பெட்டியில் நான் சேர்த்தவற்றில் கச்சேரியையே மாற்றியது இந்த மூன்று மொடியூல்தான்.

## எல்லாம் ஓடுகிறது, இசை மட்டும் நகரவில்லை

இதையும் பழுதாகவே எண்ணுகிறேன். பெட்டி பெருத்தது, சுருதி நின்றது, இரைச்சல் இல்லை. ஆனால் பத்தாவது நிமிடத்தில் கை அந்தரத்தில் நிற்கிறது.

எல்லாக் குரலும் ஒரேயடியாக ஒலிக்கிறது, ஒதுக்க முடியவில்லை: மியூட் போதாது. மியூட் பொத்தான் உள்ள மிக்சரைக் கீழ் வரிசையில், கைக்குக் கிட்ட வையுங்கள். மூன்றாவது குரல் வாங்கும் முன் இது.

ஒரு குமிழைத் திருப்பினால் எல்லாம் பாழாகிறது: வோல்ட்டைக் குறைக்கும் அட்டனுவேட்டர் இல்லாமல் எல்.எப்.ஓவின் முழு வோல்ட்டையும் அனுப்புகிறீர்கள். அட்டனுவேர்ட்டர் (குறைக்கவும் தலைகீழாக்கவும் செய்வது) நான்கு வரிசை ஒன்று, வி.சி.ஏ நான்கு ஒன்று. விலை குறைந்த, திரை இல்லாத இந்த மொடியூல்களால்தான் சிறு அசைவும் பெரு அசைவும் கைவசமாகும்.

மாற்ற வேண்டிய கணத்தில் கேபிள் காட்டுக்குள் கை போகவில்லை: இடத்தைத் திருத்துங்கள். அடிக்கடி தொடும் குமிழ்களுக்குப் பக்கத்தில் 2 எச்.பி மூடுதகடு விடுங்கள், விரல் நுழையும். சுருதிக் கேபிள் ஒரு நிறம், துடிப்புக்கு ஒரு நிறம், சத்தத்துக்கு ஒரு நிறம்.

பேட்ச் குழம்பி ஒன்றுமே வராமல் அமைதி விழுகிறது: ஒரு ஒசிலேட்டர், ஒரு பில்ட்டர், ஒரு வி.சி.ஏ மட்டும் சுருதியோடு, மியூட்டில், எதிலும் பின்னாமல் தனியாக நிற்கட்டும். கச்சேரி முழுக்க அதைத் தொடாதீர்கள். குழம்பியதும் அதைத் திறந்துவிட்டால் பாடுகிறவர் ஸட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு போவார், நீங்கள் ஆறுதலாக மற்றதைப் பிரித்தெடுக்கலாம்.

## பயணம் போய்வந்தபின் ஒன்று வேலை செய்யவில்லை

கொழும்புக்கு இரவு ரயிலில் கொண்டுபோனாலும் பஸ்ஸில் கொண்டுபோனாலும் ஆட்டத்தில் ரிபன் கேபிள்கள் தளரும். அநேகமாகக் கனமான மொடியூலின் கேபிள்தான். கரண்ட் இல்லாத நிலையில் ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்துங்கள், பிறகு திருகாணிகள், பிறகு மின்வழங்கி. கேபிள் இறுக்கமாக இருந்தும் அந்த ஒரு மொடியூல் மட்டும் எழும்பவில்லை என்றால், நல்லதென்று தெரிந்த வேறு கேபிளில், வேறு துளையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் அதைக் கழற்றி, எந்தத் துளையில், எந்தக் கேபிளில், என்ன நடந்தது என்று ஒரு துண்டில் எழுதி, படத்தோடு சேர்த்துத் தயாரித்தவருக்கு அனுப்புங்கள்.